கண்ணாடிக் கதவில் ஒட்டிய பெயர்

மண்ணரையில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் என் ஸ்டிக்கர் கட்டர் மெஷின் இருக்கிறது. பெரும்பாலும் பனியன் வேலை. பனியனில் சூடு வைத்து ஒட்டும் ஷீட்டைப் பின்பக்கத்திலிருந்து வெட்ட வேண்டும். அதனால் கம்ப்யூட்டரில் எழுத்தை இடம் வலம் திருப்பிப் போட்டுத்தான் வெட்டுவேன், ஒட்டினால் நேராகிவிடும். வருடக்கணக்காகத் திரும்பிய எழுத்தையே பார்த்துப் பார்த்து, என் கண்ணுக்கு அதுதான் அழகு.

முதலிபாளையத்தில் புதிதாகக் கம்பெனி தொடங்கிய ஒருவர், அதற்குத் தன் அம்மாவின் பெயரையே வைத்திருந்தார். அதை வாசல் கண்ணாடிக் கதவில் ஒட்டும் வேலை எனக்கு. சரியாக அமைந்தால் அவருடைய பனியன் எழுத்து வேலை முழுவதும் எனக்கே என்று பேச்சு. விடுவேனா? கொம்பும் எழுத்தும் சேரும் இடத்தில் கத்தி குறுக்கே ஓடாதபடி இணைத்தேன். சுழிகளுக்குள் இருந்த துணுக்குகளை ஊசியால் கிள்ளி எடுத்தேன். திறப்பு விழாக் காலையில் ஒரு குமிழி இல்லாமல் ஒட்டிவிட்டு, பெருமையாகத் தள்ளி நின்றேன்.

வந்திருந்தவர்கள் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்கள்.

"ஏனுங்க, இதென்னங்க இப்படி இருக்குது?" என்றார் முதலாளி.

எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு பாடுபட்டிருக்கிறேன், என்ன குறை கண்டுவிட்டார்? அப்புறம்தான் பக்கத்தில் கட்டியிருந்த பேனரைப் பார்த்தேன். அதில் அதே பெயர் நேராக இருந்தது. பனியன் பழக்கத்தில் கதவு எழுத்தையும் திருப்பித்தான் வெட்டியிருந்தேன். போச்சு, எல்லாம் போச்சு என்று பிளேடை எடுத்துச் சுரண்டப் போனேன்.

"நல்ல நாளும் அதுவுமா எம்பேரைச் சுரண்டறதா?" முதலாளியின் அம்மா என் கையைப் பிடித்துவிட்டார். பிறகு விறுவிறுவென்று உள்ளே போய், மகனின் நாற்காலியில் உட்கார்ந்து கதவைப் பார்த்தார். "இங்கிருந்து பாரு கண்ணு, நல்லாத்தான் இருக்குது."

"வெளிய இருந்து வர்றவங்க படிக்க வேண்டாங்களாம்மா?" என்றார் முதலாளி.

"வர்றவன் வேலைக்கு வர்றானா, எம்பேரைப் படிக்க வர்றானா?"

பெயரை அப்படியே விட்டுவிட்டு ரிப்பன் வெட்டினார்கள். நான் பையைத் தூக்கிக்கொண்டு நழுவப் பார்த்தேன். முதலாளி மறித்துவிட்டார்.

"பனியன் வேலை பூராவும் உங்களுக்குத்தானுங்க. திருப்பி வெட்டுங்கன்னு உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனா ஒண்ணுங்க, எங்க கதவுப் பக்கம் மட்டும் இனி வந்தறாதீங்க."

கேலிதான். ஆனாலும் வீடு வந்து சேரும்வரை எனக்குக் கால் தரையில் பாவவில்லை.