எக்ஸ்ரேயின் ஞாயிற்றுக்கிழமை பேக்கப்

குழாய் வேலை செய்கிற ஆளுக்கு எக்ஸ்ரே என்று பேர் வந்தது இப்படித்தான். சுவரில் காடி எடுத்து, குழாயைப் பதித்து முடித்ததும் பூசுகிற ஆள் கரண்டியோடு வந்து நிற்பான். "இரு, அவசரத்துல என்னத்த அள்ளிக்கிட்டுப் போகப்போற" என்று அவனைத் தள்ளி நிறுத்திவிட்டு, அளவு டேப்பைச் சுவரோடு ஒட்டப் பிடித்து ஒரு படம் எடுப்பார். தரையிலிருந்து எத்தனை, மூலையிலிருந்து எத்தனை, குழாய் எங்கே திரும்புகிறது, எல்லாம் அதில் தெரியும். அதற்குப் பிறகுதான் சுவர் மூடும். பத்து வருஷம் கழித்து அந்த வீட்டில் ஒழுகினால் மற்றவன் சுவரைச் சல்லடையாக்கிவிடுவான். இவர் படத்தைப் பார்த்து ஒரே ஒரு டைலை உடைப்பார். பெற்றவர்கள் வைத்த பேர் கரண்ட் பில்லில் மட்டும்தான் மிச்சம்.

ஆனால் படத்தை யாருக்கும் கொடுக்க மாட்டார். வீட்டுக்காரர்கள் கேட்டால், "அது என்கிட்ட பத்திரமா இருக்கும்" என்பார். அதோடு பேச்சு முடிந்தது. டைல்ஸ் ஒட்டுகிற சிநேகிதன் ஒரு நாள் கேட்டே விட்டான்.

"ஏண்ணே, அவங்க வீட்டுச் சுவரு, அவங்களுக்கு ஒரு படம் குடுத்தா உன் சொத்தா அழிஞ்சு போகுது?"

"குடுத்தா நாளைக்கு எவனோ ஒருத்தன் அதப் பாத்து உடைச்சுட்டுப் போவான். அப்புறம் என்னை எதுக்குக் கூப்பிடுவாங்க, மொய் எழுதவா?"

பதினோரு வருஷத்துப் படங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தன. தெருவுக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் வீட்டுக்கு ஒன்று. எல்லாவற்றையும் உள்ளே வைத்த பெரிய ஃபோல்டருக்கு 'சுவர்' என்று பேர். அப்பா தேடித் தடுமாறக்கூடாதே என்று மகள்தான் திரையின் முன்பக்கம் அதற்கு ஒரு சின்னப் படம் வைத்துக் கொடுத்தாள். அதைத் தட்டினால் எல்லாம் திறக்கும். மகளுக்கு மருந்துக்கடையில் வேலை. "கம்ப்யூட்டர் என்னைக்காவது படுத்துரும்பா. ஒரு டிஸ்க் வாங்கி அதுலயும் காப்பி போட்டு வைங்க" என்று சொன்னவளும் அவள்தான்.

சொன்னால் செய்கிற மனுஷன். ஞாயிற்றுக்கிழமை குளித்து முடித்ததும் கையகல டிஸ்க் ஒன்றைச் செருகுவார். முன்பக்கத்துச் 'சுவர்' படத்தைக் காப்பி எடுத்து டிஸ்க்கில் ஒட்டுவார். ஏற்கெனவே இருக்கிறது, மாற்றவா என்று அது கேட்கும். ஆமாம் என்று தட்டுவார். கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். டிஸ்க்கைத் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டுவார். மனைவிக்கு அது ஒரு வேடிக்கை. "என் நகைக்குக் கூட இந்த மரியாதை இல்ல" என்பாள். ஒரே ஒரு தடவை, சரியாக விழுந்திருக்கிறதா என்று டிஸ்க்கில் இருந்ததைத் தட்டியும் பார்த்தார். அத்தனை படமும் திறந்தது. அதற்குப் பிறகு அவருக்கு அதில் சந்தேகமே வரவில்லை.

ஒரு சனிக்கிழமை காலையில் நர்ஸம்மா கூப்பிட்டார். ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், இரண்டாம் மாடியில் தனியாக இருக்கிறவர்.

"தம்பி, குளியலறைச் சுவர் கசியுது. கீழ்வீட்டுக்காரர் தலையில சொட்டுதாம். குடை பிடிச்சுக்கிட்டுப் பல்லு விளக்குறேன்னு சண்டைக்கு வர்றார். அந்த டைல் இப்ப எங்கயும் கிடைக்காது. அன்னைக்கு மிஞ்சினது நாலுதான் இருக்கு. அதுக்குமேல உடைஞ்சா சுவர் முழுக்க மாத்தணும். என்னால ஆகாது."

"நாலு எதுக்கும்மா? ஒண்ணு போதும். படம் இருக்குல்ல. மத்தியானம் வர்றேன்."

பேசி முடித்துக் கம்ப்யூட்டரைப் போட்டார். கடகடவென்று ஒரு சத்தம், அப்புறம் கறுப்புத் திரையில் ஒரு வரி எழுத்து, அவ்வளவுதான். அணைத்தார், போட்டார். தட்டினார். தூக்கிக்கொண்டு போய்த் தெருமுனை ரிப்பேர்க் கடையில் வைத்தார். கடைக்காரர் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "உள்ள இருக்கிற டிஸ்க் போயிருச்சுங்க. வெளியூருக்கு அனுப்பித் தோண்டிப் பாக்கலாம். மூணு வாரம் ஆகும். வந்தா வந்துச்சு" என்றார்.

எக்ஸ்ரே அலட்டிக்கொள்ளவில்லை. "அதெல்லாம் பேக்கப் இருக்கு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தார்.

மகளுடைய லேப்டாப்பில் டிஸ்க்கைச் செருகினார்கள். 'சுவர்' இருந்தது. தட்டினாள். இப்படி ஒரு இடமே இல்லை என்றது. மறுபடியும் தட்டினாள். மறுபடியும் அதையே சொன்னது. மகள் முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய், அந்தப் படத்தின் ஓரத்தில் அரிசி அளவுக்கு இருந்த ஒரு அம்புக்குறியைப் பார்த்தாள்.

"அப்பா... நீங்க இதையேவா காப்பி போட்டீங்க?"

"பின்ன? வாரம் தவறாம."

"இது ஷார்ட்கட்பா. வெறும் விலாசம். வீடு அங்க அந்தக் கம்ப்யூட்டர்லதான் இருந்துச்சு."

"நான் திறந்து பாத்தேனே! எல்லாம் வந்துச்சே!"

"அந்தக் கம்ப்யூட்டர்லயே வச்சுத் திறந்திருப்பீங்க. அது நேரா உள்ள போய் ஒரிஜினலக் காட்டியிருக்கும்."

அவருக்கு அது சட்டென்று விளங்கிவிட்டது. விளங்கியதுதான் வலித்தது. மாடித் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால், தெருவிலிருந்து வருகிற மெயின் வால்வை முதலில் மூட வேண்டும். மூடாமல் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரத்தான் செய்யும். தொட்டி காலியாக இருந்தாலும் வரும். முப்பது வருஷமாக அடுத்தவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்த பாடம். தன் விஷயத்தில் கோட்டை விட்டிருக்கிறார்.

"ஏட்டுச் சுரைக்காயை இத்தனை வருஷமா பீரோவுல பூட்டி வச்சிருக்கீங்க" என்றாள் மனைவி.

"நீ வேற வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சாத" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். சோறு தின்னவில்லை.

டைல்ஸ்காரன் அவருக்கு முன்னாலேயே நர்ஸம்மா வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். நாலு டைலும் துடைத்து, மேஜைமேல் வரிசையாக வைத்திருந்தது. தாமரை மொட்டு மாதிரி ஒரு நீலப் பூ போட்ட டைல்.

"வாங்க எக்ஸ்ரே டாக்டர். எங்க படம்? எந்த டைல்னு சொல்லு, ஒரே போடு, வீட்டுக்குப் போகலாம்."

வழியெல்லாம் அவருக்கு ஒரு யோசனை ஓடியிருந்தது. படம் இருக்கிற மாதிரி நடித்து, குத்துமதிப்பாக ஒரு இடத்தைக் காட்டிவிடலாம். தப்பினால் குழாய்மேல் பழி போட்டுக்கொள்ளலாம். ஆனால் மேஜைமேல் நாலு டைல்தான் இருந்தது.

"படம் போயிருச்சும்மா" என்றார். "பேக்கப்னு நான் வச்சிருந்தது வெத்துவேட்டு. எங்க உடைக்கணும்னு எனக்குத் தெரியாது."

டைல்ஸ்காரன் காலை மடக்கிக்கொண்டான். நர்ஸம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"அன்னைக்கே கேட்டேன், எனக்கொரு படம் அனுப்புங்கன்னு. என்கிட்ட பத்திரமா இருக்கும்னீங்க."

எக்ஸ்ரே தலையைச் சொறிந்தார். நர்ஸம்மா உள்ளே போனார். கோபத்தில் போகிறார் என்று நினைத்தார்கள். திரும்பி வந்தபோது கையில் பழைய ஸ்டெதஸ்கோப் இருந்தது.

"எக்ஸ்ரே வேலை செய்யலன்னா இது. மனுஷன் நெஞ்சுல சளி எங்க இருக்குன்னு நாப்பது வருஷம் கேட்டிருக்கேன். சுவர் என்ன பெரிய கொம்பா?"

வீட்டுக் குழாய்களையெல்லாம் இறுக்கி மூடி, மெயின் வால்வை மட்டும் திறந்தார் எக்ஸ்ரே. நர்ஸம்மா டைல் டைலாக வைத்துக் கேட்டார். "மூச்சு விடாதீங்கப்பா, உங்க மூச்சுதான் கேக்குது" என்று டைல்ஸ்காரனை அதட்டினார். ஷவருக்குக் கீழே ஒரு இடத்தில் நின்றார். "இங்க உஸ்ஸுனு இருக்கு."

முதல் டைல் போனது. குழாய் இருந்தது, காய்ந்து கிடந்தது.

"சத்தம் குழாய் வழியா நடந்து வரும்மா" என்றார் எக்ஸ்ரே. வியர்வை புருவத்தில் நின்றது. ஸ்டெதஸ்கோப்பைத் தானே வாங்கிக் காதில் மாட்டிக்கொண்டு, குழாய் போகிற போக்கிலேயே இடதுபக்கம் நகர்ந்தார். சத்தம் கூடியது. இரண்டாவது டைலுக்குப் பின்னால் சிமெண்டு ஈரமாக இருந்தது, ஆனால் ஓட்டை இல்லை. விரலை உள்ளே விட்டுத் தடவினார். ஈரம் மேலிருந்து இறங்கியிருந்தது. மேலே இருந்த டைலை அவர் உடைக்கவில்லை. ஓரமெல்லாம் கிரைண்டரால் அறுத்து, முழுசாகக் கழற்றப் பார்த்தார். கடைசி நிமிஷத்தில் அது பூவுக்கு நடுவிலேயே விரிசல் விட்டது. உள்ளே குழாய் திரும்புகிற முடுக்கில் மயிரிழை வெடிப்பு. ஊசி முனையாகத் தண்ணீர் அடித்தது அவர் கன்னத்தில். துடைத்துக்கொள்ளவில்லை.

"மூணு" என்றான் டைல்ஸ்காரன். "ஒண்ணுன்னு சொன்ன வாய்."

"ஆமா. மூணு. வாய் என்னுதுதான்."

முடுக்கை மாற்றி, அழுத்தம் கொடுத்து, ஒரு மணி நேரம் பிரஷர் மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். முள் அசையவில்லை. டைல்ஸ்காரன் சிமெண்டைக் குழைத்துக்கொண்டு வந்தபோது, "இரு" என்று பழையபடி தள்ளி நிறுத்தினார். டேப்பைப் பிடித்தார். படம் எடுத்தார். அப்புறம், பதினோரு வருஷத்தில் செய்யாத ஒன்றைச் செய்தார்.

"அம்மா, உங்க நம்பருக்கு அனுப்பியிருக்கேன். வந்துச்சா பாருங்க."

நர்ஸம்மாவின் போன் மணியடித்தது. "வந்துருச்சு தம்பி."

"இருங்க, திறக்காதீங்க." தன்னுடைய போனை முழுசாக அணைத்து மேஜைமேல் வைத்தார். "உங்க போன்ல நெட்டையும் அணைங்க. ம். இப்பத் திறங்க."

"எதுக்கு இத்தனை சடங்கு?"

"மெயின் வால்வை மூடிட்டுத்தானே தொட்டியப் பாக்கணும்? திறங்கம்மா."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு தட்டினார். படம் திறந்தது. இரண்டு விரலால் பெரிசாக்கினார். டேப்பின் எண்கள் தெரிந்தன. எக்ஸ்ரே குனிந்து, ஒவ்வொரு எண்ணாக வாய்விட்டுப் படித்துப் பார்த்தார்.

"ஏண்ணே," என்றான் டைல்ஸ்காரன், "இனிமே அவங்க வேற எவனையாவது கூப்பிட்டா?"

"கூப்பிடட்டும்" என்றார் எக்ஸ்ரே. "நீ பூசு."

நாலாவது டைலை நர்ஸம்மா பழைய துணியில் சுற்றிப் பரணில் திரும்ப வைக்கச் சொன்னார். எக்ஸ்ரே வைத்தார். ரிப்பேர்க் கடையிலிருந்து மூன்று வாரத்தில் பாதிப் படங்கள் திரும்பி வந்தன. அதிலிருந்து அவருக்கு ஞாயிற்றுக்கிழமை போதவில்லை. எந்த வீடு எந்தச் சுவர் என்று பார்த்து, வீட்டுக்காரர் நம்பரைத் தேடி, அனுப்பிவிட்டு, "திறந்து பாத்தீங்களா?" என்று ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.