ஐந்தாவது பெட்டி

போன வருடம் ஆடிக் கூழுக்கு மூன்று வாரம் இருக்கும்போது நடந்தது இது. மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தாய்க்குப் பக்கத்தில், எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலின் சாமான் அறையில்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். இதை எழுதி முடிக்க நாலு நாள் ஆயிற்று. ஆனால் அந்தச் சாமான் அறைச் சாவி இருபது வருடத்துக்கும் மேலாக என் இடுப்பில்தான் இருக்கிறது. கல்யாணமோ காரியமோ, அண்டா, குண்டான் இரவல் வேண்டும் என்றால் என்னிடம்தான் வர வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே எது எந்தப் பாத்திரம் என்று சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

கோயிலுக்கு முன்பு ஒரு செயலாளர் இருந்தார். யார் எதை வாங்கினார்கள், எப்போது திருப்பினார்கள் என்று நான் வாயால் சொல்லச் சொல்ல, அவர் கம்ப்யூட்டரில் போட்டு வைப்பார். பிறகு அவர் வேலை மாறி ஜொகூர் பக்கம் போய்விட்டார். அடுத்து வந்தவர்களுக்கு அதில் பேரைத் தட்டிப் பார்க்கத் தெரியும், அவ்வளவுதான். உள்ளே என்னென்ன இருக்கிறது, எது எதோடு சேர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. அந்தக் கம்ப்யூட்டரும் வயதாகி மூச்சு வாங்க ஆரம்பித்ததும், எல்லாவற்றையும் புதியதில் மாற்றிக்கொடுக்கும்படி தலைவர் என் மருமகளைக் கேட்டார். ரவாங்கில் ஒரு அலுவலகத்தில் அவளுக்கு அதுதான் வேலை.

எனக்கும் அதில் ஒரு காரியம் இருந்தது. அதற்கு ஆறு வருடம் பின்னால் போக வேண்டும்.

ஜெராமில் எனக்கு ஒரு சிநேகிதி. தோட்டத்தில் ஒரே கும்பலில் உரம் போட்டவர்கள் நாங்கள். நான் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் கைக்குழந்தைக்குப் பால் கொடுத்தவள் அவள். அவள் தன் மகள் கல்யாணத்துக்குக் கோயில் பெரிய அண்டாவை வாங்கிப் போனாள். கல்யாணம் முடிந்த கையோடு நான் சாவியைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டு, புக்கிட் பெருந்துங்கில் என் மகளின் பிரசவத்துக்குப் போய்விட்டேன். இரண்டு மாதம் கழித்து வந்து எண்ணினால் பெரிய அண்டாவில் ஒன்று குறைகிறது. செயலாளர் அதற்குள் ஜொகூர் போய்விட்டதால், புதிதாக வந்தவரைக் கம்ப்யூட்டரைத் தட்டச் சொன்னேன். அவள் வாங்கியது இருந்தது, திருப்பியது இல்லை. மூன்றாம் நாளே கொண்டுவந்து வைத்துவிட்டேன் என்று அவள் சொன்னாள். கோயில் வாசலில் பத்துப் பெண்கள் பார்க்க நான் கேட்டேன்:

"அண்டாவுக்கென்ன காலா இருக்கு, தானா எறங்கி நடந்து போறதுக்கு?"

அதற்குப் பிறகு அவள் எங்கள் கோயில் பக்கம் வரவே இல்லை. நானும் போய்ப் பார்க்கவில்லை.

இப்போது மருமகள் கம்ப்யூட்டரைத் திறக்கிறாள் என்றதும், ஜெராம்காரி அண்டாவைத் திருப்பாததை நன்றாக எடுத்துக் காட்டு, ஊரே பார்க்கட்டும் என்று சொல்லி வைத்தேன். உள்ளே இருக்கிற பட்டியல்களை எல்லாம் தேடி எடுத்து, எதற்கும் எதற்கும் தொடர்பு என்று தானாகவே படம் வரைந்துவிடுமாம் கம்ப்யூட்டரில் ஏதோ ஒன்று. அதைப் பெரிய தாளில் அச்செடுத்து வந்து, மறுநாள் காலையில் சாமான் அறையில் அரிசி மூட்டையின் மேல் விரித்தாள்.

பெட்டி பெட்டியாக இருந்தது. பெட்டிகளுக்கு நடுவே கோடுகள். சில கோடுகளின் முனை கோழிக்கால் மாதிரி மூன்றாகப் பிரிந்திருந்தது.

"கோழிக்கால் இருக்கிற பக்கம் நெறைய, இல்லாத பக்கம் ஒன்னு அத்தை. இது குடும்பம், இது இரவல். ஒரு குடும்பம் எத்தன தடவ வேணும்னாலும் இரவல் வாங்கலாம்ல, அதான்."

எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது. இந்தப் பெட்டி பாத்திரமா, அந்தப் பெட்டி விசேஷமா என்று நானே விரலை வைத்துக் கேட்டேன். எல்லாம் சரி என்றாள். இத்தனை வருடம் என் தலைக்குள் இருந்ததை யாரோ எட்டிப் பார்த்து வரைந்த மாதிரி இருந்தது. எழுத்துக் கூட்டாமல் நான் படித்த முதல் தாள் அதுதான்.

ஆனால் மூலையில் ஐந்தாவதாக ஒரு சின்னப் பெட்டி இருந்தது. பாத்திரப் பெட்டியிலிருந்து மட்டும் ஒரு கோடு அதற்குப் போயிற்று. அது என்ன என்று கேட்டேன்.

"அதத்தான் நானும் ஒங்கள கேக்கணும்னு இருந்தேன். பழுதுன்னு பேரு போட்டிருக்கு. திரையில எங்கயும் இதத் தொறக்கிறதுக்கு வழியே இல்ல. படம் வரஞ்சதாலதான் தெரிஞ்சிச்சு."

கையோடு கொண்டுவந்த மடிக் கம்ப்யூட்டரில் உள்ளே போய் அந்தப் பெட்டியைத் திறந்தாள். பழைய செயலாளர் போட்டு வைத்த மூன்றே வரிகள் இருந்தன. மூன்றாவது வரியை மெதுவாகப் படித்தாள். பெரிய அண்டா அன்னதானத்தின்போது கீழே விழுந்து விளிம்பு கிழிந்தது. கோலசிலாங்கூர் பட்டறையில் கொடுத்து, மேலே ஒரு சாண் வெட்டி, ஓரம் மடித்து வந்தது. தேதியையும் படித்தாள். ஜெராம் கல்யாணம் முடிந்து இரண்டு வாரம். நான் மகள் வீட்டில் இருந்த நாள்.

அப்படியென்றால் அவள் அண்டாவைத் திருப்பியிருக்கிறாள். திருப்பியதைச் சொல்ல வேண்டியவள் நான். நான்தான் ஊரில் இல்லை.

மருமகள் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "நம்மகிட்ட ஒரு நடு அளவு அண்டா இருக்கே அத்தை, அது எங்கேருந்து வந்திச்சு?"

யாரோ புதிதாகக் காணிக்கை கொடுத்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். எழுந்து போய் அதைக் கவிழ்த்தேன். கோயில் பேர் பொறித்திருந்த விளிம்பு பட்டறையிலேயே போய்விட்டது. ஆனால் அடியில் கை வைத்ததும் மூன்று குழி தட்டுப்பட்டது. அடுப்புக் கம்பியில் இடித்து, என் கண் முன்னால் விழுந்த குழிகள். ஆறு வருடமாக நான் புளி போட்டுத் தேய்த்த அண்டா. வேறு அண்டா என்று முடிவு செய்துவிட்டதால் என் கை அந்தக் குழிகளைத் தேடவே இல்லை.

"ஜெராமுக்குப் போவோமா?" என்று மட்டும் கேட்டாள் மருமகள். அண்டாவையும் காரில் ஏற்றி, உருளாமல் இருக்க அதற்கும் பெல்ட் போட்டாள்.

சிநேகிதி வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், அண்டாவைப் பார்த்தாள், மறுபடியும் மீனைக் கழுவினாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். படத்தையும் விரித்து அந்தப் பெட்டியைக் காட்டினேன்.

"படம் சொன்னா நம்புவ. நான் சொன்னப்ப நம்பல."

நான் படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அண்டாவைக் கவிழ்த்து அடியைத் தடவினாள். உதடு துடித்தது. அழப் போகிறாள் என்று நினைத்தேன். "கால் மொளச்சு ஜெராம் வரைக்கும் வந்திருச்சுடி ஒன் அண்டா" என்றாள். பிறகு ஒரு தட்டில் வெங்காயமும் கத்தியும் என் முன்னால் வைத்தாள். நான் உட்கார்ந்து உரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுக்கொண்டேன்.

கிளம்பும்போது அவள் சொன்னாள். "எங்கிட்ட சொன்னது பத்தாது லா. எங்க நின்னு கேட்டியோ அங்க நின்னு சொல்லு."

சொன்னேன். ஆடிக் கூழ் அன்று, அதே வாசலில், அந்த அண்டாவிலேயே கூழ் கொதிக்க, எல்லாப் பெண்களும் கேட்கச் சொன்னேன். அவளும் வந்திருந்தாள். அவள் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அகப்பையை என் கையில் திணித்தாள்.

"போதும்டி, கிண்டு. அடி பிடிக்குது."

அந்தப் படத்தைச் சாமான் அறைக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன். சாவி இன்னும் என் இடுப்பில்தான். ஆனால் யாரைப் பற்றியாவது ஒரு வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டால், எனக்குத் தெரிந்த நாலு பெட்டியையும் தாண்டி என் கண் இப்போதெல்லாம் அந்த மூலைக்குத்தான் போகிறது.