ஓசி சாஃப்ட்வேரும் தாராவி முகங்களும்

போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரியும், படம் எடுப்பது பாதி வேலைதான்; படத்தில் இருப்பவர் ‘இது நான் இல்லையே’ என்று சொன்ன பிறகுதான் மீதி வேலை ஆரம்பிக்கும்.

மும்பை தாராவியில் எங்கள் கடை. என் வீட்டுக்காரர் படம் எடுப்பார், கம்ப்யூட்டரில் திருத்துவது நான். முன்பு வைத்திருந்த சாஃப்ட்வேர் மாதாமாதம் வாடகை கேட்டது. கடைக்கு வாடகை கொடுத்தால் உட்காரவாவது இடம் இருக்கிறது, இதற்கு எதற்கு என்று, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒன்றுக்கு மாறினேன். என்னைப் போல மாறியிருந்தால் நீங்களும் இதையெல்லாம் பட்டிருப்பீர்கள்.

ஸ்டிக்கர்

சுனாபட்டியிலிருந்து அண்ணாச்சி ஒருவர் தன் மகள் கல்யாண ஆல்பத்தைப் பார்க்க வந்தார். இது எந்த சாஃப்ட்வேர் என்று கேட்டார். இலவசம் என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். உடனே பட்டுப்புடவை வெளுத்திருக்கிறது, மாப்பிள்ளை முகத்தில் களை இல்லை என்று ஆரம்பித்துவிட்டார். நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பினோம்.

அன்று மாலை என் வீட்டுக்காரர் பழைய வாடகை சாஃப்ட்வேரின் சின்னத்தை ஸ்டிக்கராக அடித்து மானிட்டர் ஓரத்தில் ஒட்டினார். படத்தில் நான் ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லை. மறுநாள் அண்ணாச்சி ஸ்டிக்கரைப் பார்த்தார், பிறகு படத்தைப் பார்த்தார்.

“இப்பம் பாரு, கலரு தூக்குது. என்ன இருந்தாலும் ஒரிஜினல் ஒரிஜினல்தாம்மா.”

முடி

மாட்டுங்காவிலிருந்து ஒரு மாமி, வரன் பார்க்கும் மகனின் போட்டோவோடு வந்தார். முன்வழுக்கையை மறைக்க வேண்டுமாம். ஓசி சாஃப்ட்வேர்தானே, முடிக்கு என்ன பஞ்சம்? காதோரத்திலிருந்து எடுத்து முன்னால் நட்டேன். உற்சாகத்தில் கொஞ்சம் சுருட்டியும் விட்டேன். மாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“ரொம்ப லட்சணமா இருக்கான். ஆனா பாதியக் கொறச்சுடும்மா, பொண்ணு பார்க்க இவனும் கூட வரணுமோல்லியோ!”

கேட்

பாண்டுப்பிலிருந்து வந்த பையனுக்குப் புது வேலை. செல்போன் ஆப் ஒன்றில் தன் முகத்தை வெள்ளையாக்கி, தாடையை ஒடுக்கி, அதையே ஆபீஸ் அடையாள அட்டைக்குக் கொடுத்திருக்கிறான். அந்த ஆபீஸ் கேட், முகத்தைப் பார்த்துத் திறக்கிற ரகம். முதல் நாளே அது அவனை அடையாளம் தெரியாது என்றுவிட்டது. வாட்ச்மேன் படத்தையும் இவனையும் மாற்றி மாற்றிப் பார்த்து, உன் அண்ணனை வரச் சொல் என்றாராம். வேலையே போய்விடுமோ என்ற பயத்தில் புதுப் படம் எடுக்க ஓடி வந்திருந்தான். பழக்கதோஷத்தில் நான் ஒரு பருவை அழிக்கப் போக, பதறி என் கையைத் தடுத்தான்.

“வேணாம் அக்கா, ஏக்தம், அச்சு அசலா என்னைய மாதிரியே போடுங்க.”

கை

எங்கள் தெருவுக்குப் பக்கத்துத் தெரு எஸ்தர் அக்காவின் கணவர் இறந்துபோனார். சர்ச்சில் வைக்க நல்ல படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதிலும் பக்கத்தில் அவர் தம்பி, அண்ணன் தோளில் கை போட்டபடி. வீட்டுத் தகராறில் தம்பியோடு பேச்சு நின்று பல வருஷம். அவனை எடுத்துவிடு என்று சொல்லிவிட்டு அக்கா என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

தம்பி சுலபமாகப் போய்விட்டார். கைதான் போகவில்லை. ஒரு விரலை அழித்தால் சாஃப்ட்வேர் தன் இஷ்டத்துக்கு இரண்டு விரலை முளைக்க வைத்தது. கடைசியில் அண்ணன் போட்டிருந்த கோட்டின் துணியை நகலெடுத்து ஒட்டி மறைக்கத் தொடங்கினேன். சுண்டுவிரல் மறைந்ததும் அக்கா நிறுத்தச் சொன்னார். அழித்ததையெல்லாம் திரும்பக் கொண்டுவரச் சொன்னார். தம்பி மறுபடியும் திரையில் வந்து நின்றார்.

“அவியளே அந்தக் கையத் தட்டிவிடல, நான் எதுக்குத் தட்டிவிடணும்?”

செலவில்லாத சாஃப்ட்வேர் கிடைத்துவிட்டது. இந்த வாடிக்கையாளர்களுக்குத்தான் மாற்று இல்லை; அப்படி ஒன்று இணையத்தில் இலவசமாகக் கிடைத்தாலும் நான் இறக்கிக்கொள்வதாக இல்லை.