அப்பாவின் மரவள்ளிக்கிழங்கும் கரும்பலகைப் பாம்பும்

எங்கள் காலனியில் வாத்தியார்கள் அதிகம். அதனாலேயே அங்கே யாருக்கும் எதையும் கற்றுக்கொடுக்க முடியவில்லை. தாம்பரத்திலிருந்து ராஜகீழ்ப்பாக்கம் போகிற வழியில், வயலை மனையாக்கி வீடு கட்டிக்கொண்டவர்கள் நாங்கள். அறுபதுகளின் கடைசி அது. வாசலில் குரோட்டன்ஸ், பின்பக்கம் கிணறு, கிணற்றுக்குப் பின்னால் இன்னும் விற்காத வயல், அதற்கு அப்பால் ஏரி. காலனியில் முக்கால்வாசிப் பேர் ஞாயிற்றுக்கிழமை ஒரே ஆலயத்துக்குப் போகிற கிறிஸ்தவர்கள். சுற்றிலும், எங்களுக்கு மனை விற்றதுபோக மிச்சத்தில் நெல் விதைத்துக்கொண்டிருந்த ஊர்க்காரர்கள்.

அப்பா உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞானம் எடுத்தார். நான் அவர் வகுப்பிலேயே படித்தேன். அந்தக் கஷ்டம் என் எதிரிக்கும் வர வேண்டாம். வருஷா வருஷம் கரும்பலகையில் ஒரே படத்தைப் போடுவார். நெற்பயிர், எலி, பாம்பு, பருந்து. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அம்புக்குறி. இதில் ஒன்றை உருவினால் மொத்தமும் சரியும் என்று சொல்லி டஸ்டரால் மேசையை ஓங்கித் தட்டுவார். முதல் பெஞ்சு தும்மும். பரீட்சையிலும் அதே கேள்விதான் வரும்: உணவுச் சங்கிலியிலிருந்து பாம்பை நீக்கினால் என்ன ஆகும்? இயற்கையின் சமநிலை பாதிக்கப்படும் என்று நோட்ஸில் உள்ளபடி எழுதினால் முழு மார்க்.

இப்படிப்பட்ட அப்பாவுக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசை இருந்தது. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் அவர் தோட்டத்துப் பொருள் பேர் வாங்க வேண்டும். அந்தப் பண்டிகைக்கு அவரவர் வீட்டில் விளைந்ததை ஆலயத்தில் கொண்டுபோய்ப் படைப்போம். ஆராதனை முடிந்ததும் வெளியே வேப்பமரத்தடியில் ஏலம் நடக்கும். கடவுளுக்குக் கொடுப்பதில் போட்டி எதற்கு என்று போதகர் பிரசங்கத்தில் கேட்பார். கேட்டுவிட்டு, இந்தத் தடவை யாருடையது பெரிசு என்று அவரும் எட்டிப் பார்ப்பார். எப்போதும் எங்கள் எதிர்வீட்டு ரிட்டயர்டு ரயில்வே அதிகாரியின் பூசணிக்காய்தான் ஜெயிக்கும். அவர்தான் காலனி சங்கத்துக்குத் தலைவர். அப்பா செயலாளர். பூசணியிலும் இரண்டாவதாக இருப்பதை அப்பாவால் பொறுக்க முடியவில்லை.

ஒரு வருஷத் தொடக்கத்தில் கிணற்றுக்குப் பின்னால் மேடு கட்டி ஒரு மரவள்ளிக் குச்சியை நட்டார். அடுப்புச் சாம்பல், சாணம், மீன் கழுவின தண்ணீர் எல்லாம் அதற்கே போயிற்று. ஆள் தொடை பருமனுக்குக் கிழங்கு விழும், தலைவர் பூசணியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான் என்று சாப்பிடும்போதெல்லாம் சொல்வார்.

செடி முழங்கால் உயரம் வந்த சமயத்தில் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் தலைவர் வீட்டுத் தோட்டத்தில் நடந்தது. போண்டா, காபி. அப்பா அறிக்கை வாசித்துக்கொண்டிருந்தார். அப்போது ஒரு சாரைப்பாம்பு எந்தத் தீர்மானத்திலும் அக்கறை இல்லாமல் நாற்காலிகளுக்கு நடுவே குறுக்கே போனது. விஷமில்லாத பாம்பு. வயலுக்கும் ஏரிக்கும் அது எப்போதும் போய்வரும் வழி அது. அந்த வழியில் நாற்காலி போட்டவர்கள் நாங்கள். தலைவர் நாற்காலி மேல் ஏறி நின்றார். இறங்காமலே, காலனி எல்லைக்குள் ஒரு பாம்பும் இருக்கக் கூடாது என்று முன்மொழிந்தார். போதகர் ஏதேன் தோட்டத்தை நினைவுபடுத்தி வழிமொழிந்தார். அதை முத்து முத்தான கையெழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டவர் என் அப்பா.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள்: “ஏங்க, நீங்க போர்டுல போடற படத்துல பாம்பும் இருக்குமே?”

“அது சிலபஸ். இது காலனி,” என்றார் அப்பா.

சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்திலிருந்து பாம்பு பிடிக்கிறவர்கள் வந்தார்கள். பாம்புத் தோலுக்கு நல்ல கிராக்கி இருந்த காலம். வரப்பு, தாழம்புதர், புற்று என்று ஓர் இடம் விடாமல் துழாவிச் சாக்குச் சாக்காகத் தூக்கிப் போனார்கள். புற்றுக்குப் பால் ஊற்றுகிற ஊர்க்காரப் பெண்கள் இது நல்லதுக்கில்லை என்றார்கள். மூடநம்பிக்கை என்று அப்பா அவர்களுக்குப் பொறுமையாக விளக்கினார்.

கொஞ்ச நாள் நிம்மதியாக இருந்தோம். பிறகு வயலில் எலி பெருகிவிட்டது என்று ஊர்க்காரர்கள் வந்து சொன்னார்கள். வயல் எங்கள் எல்லைக்குள் வராது என்று சங்கம் பதில் சொல்லி அனுப்பியது. எலிகள் தின்றது போக மிச்சத்தை அவர்கள் அறுத்துக்கொண்டார்கள். வயல் காலியானதும் எலியும் பெருச்சாளியும் குடும்பத்தோடு காலனிக்குக் குடிவந்தன. சோப்பைத் தின்றன, குரோட்டன்ஸைக் கவிழ்த்தன. ஆலயத்து ஹார்மோனியத்தின் துருத்தியைக் கடித்து வைத்ததில், ஒரு ஞாயிறு முழுக்க கீர்த்தனைகள் இழுப்புக்காரர் மூச்சு மாதிரி வந்தன. சங்கம் மறுபடி கூடி, விஷம் வைத்த வடைகளை வீட்டுக்கு வீடு வழங்கியது. செத்த எலிகளைத் தின்று முதலில் பூனைகள் போயின. அடுத்து, ஆலயத்து மணிக்கூண்டில் இருந்த ஆந்தை போயிற்று. அபசகுனம் ஒழிந்தது என்று சந்தோஷப்பட்டோம், மூடநம்பிக்கை இல்லாத நாங்கள். மிச்சமிருந்த எலிகளுக்கு அதற்குமேல் யாரிடமும் பயம் இல்லை.

இத்தனை அமளியிலும் மரவள்ளிச் செடி மட்டும் தளதளவென்று நின்றது. அப்பா சுற்றிலும் தகரம் நட்டு முள் வைத்திருந்தார். கொஞ்சம் கிளறிப் பாருங்களேன் என்று அம்மா சொன்னதற்கு, தோண்டினால் கிழங்கு கெட்டுவிடும், பண்டிகைக் காலையில்தான் பிடுங்கணும் என்றார். பெருச்சாளி வாசல் வழியாகத்தான் வரும் என்று நினைத்தாரோ என்னவோ.

அந்தக் காலையில், பார்த்து வயிறெரியட்டும் என்று தலைவரையே கூப்பிட்டு நிறுத்திவைத்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு தண்டை இரு கையாலும் பிடித்து முழுப் பலத்தோடு இழுத்தார். அவ்வளவு பலம் தேவைப்படவில்லை. செடி லேசாகக் கையோடு வர, அப்பா மல்லாந்து விழுந்தார். அடியில் கிழங்கின் தோல் மட்டும் இருந்தது, பஞ்சை உருவிவிட்ட தலையணை உறை மாதிரி. செடி வாடாமல் இருக்க நாலு வேரைப் பெருச்சாளி விட்டுவைத்திருந்தது. எங்கள் சங்கத்தைவிட முன்யோசனை உள்ள பிராணி.

தலைவர் சிரிக்கவில்லை. கை கொடுத்து அப்பாவைத் தூக்கிவிட்டு, “என் பூசணி முந்தாநாளே போச்சு, சார்,” என்றார்.

அந்த வருஷம் ஆலயத்தில் படைத்ததெல்லாம் தாம்பரம் மார்க்கெட் காய்கறி. நிலத்தின் பலனுக்காகப் போதகர் ஸ்தோத்திரம் சொன்னபோது எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். அப்பா முதுகில் மண்ணோடு, வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார். எனக்கு அவரைப் பார்க்க அழுகை வந்தது.

அரைப் பரீட்சையில் அதே கேள்வி வந்தது. நான் நோட்ஸை எழுத்துப் பிசகாமல் எழுதினேன். என் பக்கத்தில் உட்காருகிறவள் ஓர் ஊர்க்காரரின் மகள். எங்கள் கிணற்றுக்குப் பின்னாலிருந்த வயல் அவர்களுடையது. அவள் ஒரே வரிதான் எழுதியிருந்தாள்: எங்கள் நெல்லும் சாருடைய கிழங்கும் போய்விடும். பேப்பர் கொடுக்கும்போது அப்பா அதை வகுப்பில் வாசித்தார். யாரும் சிரிக்கத் துணியவில்லை. அவளுக்கு முழு மார்க். எனக்குப் பாதிகூட இல்லை.

வீட்டுக்கு வந்து ஆத்திரத்தோடு நியாயம் கேட்டேன். நோட்ஸில் இருப்பதைத்தானே எழுதினேன் என்றேன். அப்பா கிணற்றுக்குப் பின்னால் மரவள்ளி பிடுங்கின குழியை மூடிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை, வயலைப் பார்த்தார்.

“நீ எழுதினது நோட்ஸ்ல இருக்கு. அவ எழுதினது அவ வீட்ல நடந்தது,” என்றார்.