அப்பா சாப்பிடுவதற்கு முன் இறங்குகிற விமானம்

சிங்கப்பூரில் எங்கள் கம்பெனியில் டிக்கெட் போட்டுக் கொடுப்பவர் ஜாய், மணிலாக்காரர். பம்ப் விற்க ஜகார்த்தாவுக்கும் பாங்காக்குக்கும் ஓயாமல் போய்வருகிற என்னிடம், ஒவ்வொரு முறையும் இரண்டு விமானங்களைத் திரையில் காட்டுவார். கட்டணம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒன்றில் காலை நீட்டலாம், சுடுசோறு உண்டு, பாயிண்ட் சேரும். மற்றதில் முழங்கால் முன்சீட்டில் முட்டும், தண்ணீருக்கும் காசு. நான் முட்டுகிறதைத்தான் கேட்பேன். "அவங்க சாப்பாடு பிடிக்கலையா?" என்று ஒருநாள் ஜாய் கேட்டார். "சாப்பாடுதான் காரணம்" என்றேன். அடுத்த பயணத்துக்குப் பாவம், மெனக்கெட்டு எனக்குச் சைவச் சாப்பாடு சொல்லி வைத்திருந்தார். நானோ கறி இல்லாமல் ஞாயிற்றுக்கிழமையை ஒப்புக்கொள்ளாதவன்.

என்னோடு பறக்கிறவர்களுக்கு ஆளுக்கொரு நியாயம். ஒருவருக்கு ஜன்னல் சீட், ஒருவருக்கு கோல்டு கார்டு, இன்னொருவருக்கு லவுஞ்சில் கிடைக்கிற இலவச நூடுல்ஸ். என் நியாயத்தைச் சொன்னால் ஊரில் இருக்கிற நீங்கள்கூடச் சிரிப்பீர்கள். கீரனூரில் அப்பா மத்தியானச் சோற்றுக்கு உட்காருவதற்குள் எது தரையிறங்கும் என்று பார்ப்பேன். அவ்வளவுதான்.

அப்பா பஸ் டிரைவராக இருந்தவர், புதுக்கோட்டை - திருச்சி ரூட். பஸ் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போகும். திரும்புகால் ஹார்ன் கேட்காமல் அம்மா தட்டில் கை வைக்க மாட்டாள். "ஆளு ரோட்டுல கெடக்கையில எனக்கென்ன சோறு?" என்பாள். அப்பாவும் வேண்டாவெறுப்பாகத் திட்டிக்கொண்டே ஹார்னை நீட்டி அடிப்பார். அம்மா போன பிறகு அந்தக் காத்திருப்பை அப்பா எடுத்துக்கொண்டார். நான் பறந்தால் அவருக்குச் சோறு இறங்காது. அவருக்கோ சர்க்கரை, வேளை தப்பக் கூடாத உடம்பு. போன வருஷம் என் விமானம் தாமதமான ஒருநாள், தலை கிறுகிறுத்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். தங்கச்சி வள்ளிதான் சீனித்தண்ணி கொடுத்துத் தேற்றினாள். அதன்பிறகு அவரிடம் சொல்லாமலே பறந்து பார்த்தேன். போன் அணைந்திருந்தால் கண்டுபிடித்துவிடுகிறார். எங்கே இருக்கிறேன் என்றே தெரியாமல் பட்டினி கிடப்பது இன்னும் மோசம்.

போன வாரம் ஜகார்த்தாவில் பேய்மழை. எல்லா விமானமும் நின்றுவிட்டது. நான் தேர்ந்தெடுத்ததும் நின்றது, தேர்ந்தெடுக்காததும் நின்றது. கீரனூரில் சோற்று வேளை தாண்டிக்கொண்டிருந்தது. போன் போட்டேன்.

"எறங்கிட்டியாப்பா?"

"எறங்கிட்டேன்ப்பா. நீங்க சாப்பிடுங்க."

"மழை சத்தம் கேக்குதே?"

"இங்கிட்டு நல்ல மழைப்பா."

"நனையாம போ." அப்புறம் போனை வைக்காமலே உள்ளே திரும்பி வள்ளியிடம் சொன்னார். "எலையப் போடு ஆத்தா. புள்ள எறங்கிட்டான்." அவர் குரலில் அப்படி ஒரு நிம்மதி. வள்ளி எதையோ பரிமாற, "போதும், போதும்" என்று அவர் சொல்வதுவரை கேட்டுவிட்டுத்தான் வைத்தேன்.

மழை விட்டு விமானம் கிளம்ப வெகுநேரம் ஆயிற்று. மேகத்துக்குள் ஏறும்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷமும் நான் தனியாகப் பறந்ததே இல்லை. கீரனூரில் ஒரு வயிறு காலியாக என்கூடவே வந்துகொண்டிருந்தது. இன்று அது நிறைந்துவிட்டது. நான் இறங்கி வீடு சேர்ந்த மகனாக அவர் நினைப்பில் பத்திரமாக இருக்கிறேன். அப்பா இந்நேரம் உண்ட மயக்கத்தில் கண்ணயர்ந்திருப்பார். இங்கே கடலுக்கு மேலே இருக்கிறவனுக்காக யாரும் காத்திருக்கவில்லை. நான் கேட்டு வாங்கிய நிம்மதிதான் அது.

விமானம் ஒருதரம் பலமாகக் குலுங்கியது. என்னை அறியாமல் "அப்பா" என்றேன். பக்கத்து சீட்டுக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டார்.