அடிபடாதவனுக்கு உயிர் எதற்கு

என் முழங்கால் சில்லு உடைந்தது தொழில் பக்தியால். உத்திரமேரூரில் பைக் மெக்கானிக் கடை வைத்திருப்பவன் நான். ஒருநாள் ஒருவர் தன் வண்டியில் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று கொண்டுவந்து நிறுத்தினார். நல்ல மெக்கானிக் வாடிக்கையாளர் சொல்வதை அப்படியே நம்பிவிடக் கூடாது, தானே ஓட்டிப் பார்க்க வேண்டும். மானாம்பதி போகிற சாலையில் ஓட்டிப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். கடைசியில் ஒரு மதகுச் சுவர்தான் என்னை நிறுத்தியது.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, சில்லு இரண்டாகப் பிளந்திருக்கிறது, ஆபரேஷன் செய்து கம்பி போட்டுக் கட்ட வேண்டும் என்றார்கள். நாளும் குறித்துக் கொடுத்தார்கள். கம்பி என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நாள் முழுக்க இரும்போடு புழங்குகிறவன்தான் நான். ஆனால் அதெல்லாம் வண்டிக்குள் போகிற இரும்பு.

குறித்த நாளன்று என்னை ஆட்டோவில் ஏற்றினார்கள். எங்கள் பக்கத்தில் எலும்பு உடைந்தவன் ஆட்டோ ஏறினால் தெருவே கூடி ஆளுக்கொரு யோசனை சொல்லும். "கம்பி வெச்சா ஆயுசுக்கும் மழக்காலத்துல குத்தும்பா" என்றார் ஒருவர். இன்னொருவர், "நாட்டுக் கட்டு கட்டுறவரு கைல ராசி கீது. என் கை உடைஞ்சப்போ அவருதான் கட்டுனாரு, பாரு" என்று கையைச் சுழற்றிக் காட்டினார். கை கொஞ்சம் கோணலாகத்தான் சுழன்றது. எனக்கு அது கண்ணில் படவில்லை. வேண்டாம் என்று நினைத்துவிட்டால் எனக்கு எதுவும் கண்ணில் படாது.

என் மனைவி மட்டும், "டாக்டரு தேதி குடுத்துகிறாரு. ஆஸ்பத்திரிக்குப் போ" என்றாள்.

"இத்தினி பேரு சொல்றாங்கல்ல."

"இத்தினி பேருக்குமா காலு உடைஞ்சிகீது?"

ஆட்டோ பாதி வழியில் திரும்பியது. திருப்பச் சொன்னவன் நான்.

கட்டுக் கட்டுகிறவர் எண்ணெய் தடவி, முட்டை வெள்ளைக்கரு பூசி, மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினார். "ஆப்ரேசன்லாம் வாணாம் நைனா. நாப்பத்தஞ்சு நாளு ஆட்டாம வெச்சிரு" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நாற்பத்தைந்து நாள் என்றவரிடம், பயத்தில் இன்னும் ஒரு மாதத்துக்குக் கட்டுக் கேட்டு வாங்கியவன் நான்தான். ஆடாமல் கிட என்று சொன்னால் என்னை மிஞ்ச ஆளில்லை. கட்டை அவிழ்த்தபோது சில்லு சேர்ந்திருந்தது. முட்டி மட்டும் துருப்பிடித்த கீல் மாதிரி பாதியிலேயே நின்றுவிட்டது.

அப்புறம்தான் வேறு வழியில்லாமல் மறுபடி ஆஸ்பத்திரி. பயிற்சி கொடுக்கிற டாக்டரம்மா ஒரு பிளாஸ்டிக் அளவுகோலை முட்டியில் வைத்துப் பார்த்தார். நாற்பது டிகிரி மடங்கியது.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"பைக் மெக்கானிக்குங்க."

"அப்ப கீழ குந்தணும். அதுக்கு நூத்தி இருபதாவது மடங்கணும். பன்னெண்டு வாரம் டைம் இருக்கு. தினம் அஞ்சு வாட்டி மடக்குங்க. உயிர் போற மாதிரி வலிக்கும். இப்ப விட்டுட்டீங்கன்னா அப்புறம் நீங்களே ஆசைப்பட்டாலும் மடங்காது."

மெக்கானிக் தொழில் என்பதே குந்துகிற தொழில். செயினானாலும் டயரானாலும், ஆயிலைத் திறந்துவிடுவதானாலும், எல்லாம் தரையோடு தரையாகத்தான். குந்த முடியாத மெக்கானிக், கை நடுங்குகிற நாவிதர் மாதிரி. கடைக்கு ஆள் வருவார்கள், நலம் விசாரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கணுக்காலில் ஒரு பழைய புடவையைச் சுற்றிப் பின்னால் இழுத்து, இருபது எண்ணும்வரை பிடித்திருக்க வேண்டும். புடவையை எடுத்துக் கொடுத்தவள் மனைவி. அவளுக்கு ஷூ தைக்கிற கம்பெனியில் வேலை. காலை ஆறேகாலுக்கு வேன் வந்தால், திரும்ப ஐந்தரை ஆகும். அதுவரை வீட்டில் நானும் என் காலும்தான்.

முதல் வாரம் ஒழுங்காக இழுத்தேன். இழுத்தபோதெல்லாம் ஆறு, ஏழு எண்ணுவதற்குள் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அந்த வார ஞாயிற்றுக்கிழமை என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, தன் பழைய வீடியோ கேம் பெட்டியைக் கொண்டுவந்து டீவியில் மாட்டிவிட்டான். "சும்மா கெடந்தா பைத்தியம் புடிச்சிக்கும் மாமா" என்றான். பெட்டியில் இரண்டு விளையாட்டு இருந்தன. ஒன்று பைக் ரேஸ். அதில் ஒருமுறை பிரேக் அடித்துப் பார்த்தேன், பிடித்தது. மனசு வெறுத்துப்போய் இன்னொன்றுக்கு மாறிவிட்டேன்.

அது வாள் சண்டை. பாழடைந்த கோட்டைகள், பேய் பிசாசுகள், ஆளை விழுங்குகிற ராட்சதர்கள். முதலில் நம் வீரனை நாமே செய்துகொள்ள வேண்டும். மூக்கு, முடி, தாடை எல்லாம் நம் விருப்பம். என் முகத்தில் கடவுள் செய்த தவறுகளையெல்லாம் அவன் முகத்தில் திருத்தினேன். முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. தவறுகள் அத்தனை. பிறகு பாயிண்ட் பங்கிட வேண்டும். பலம், சுறுசுறுப்பு, மூச்சு, உயிர் என்று நான்கு கணக்கு. எதிரியை வெட்ட வெட்டச் சேர்கிற புண்ணியத்தில் ஒவ்வொரு பாயிண்டாகக் கிடைக்கும், அதை எதில் போடுவது என்பது நம் இஷ்டம்.

கிடைத்ததையெல்லாம் சுறுசுறுப்பில் கொட்டினேன். மெல்லிய வளைந்த வாள் ஒன்று கொடுத்தேன். கனமான வாள் வைத்திருப்பவன் ஒரு வெட்டு ஓங்குவதற்குள் என் ஆள் நான்கு வெட்டு வெட்டிவிட்டு விலகியிருப்பான். எதிரி அடிக்கும்போது பொத்தானை அழுத்தினால் தரையில் உருண்டு தப்புவான். உருள்கிற அந்தக் கண்ணிமைக்கும் நேரம் எந்த அடியும் அவனைத் தீண்டாது. ஆனால் சுமை ஏறினால் உருளல் மந்தமாகும். அதனால் கவசத்தைக் கழற்றினேன். அப்புறம் கையுறை, அப்புறம் பூட்ஸ். கடைசியில் தலைக்கவசத்தையும் கழற்றினேன். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் ஹெல்மெட் போடுங்கள் என்று பத்து வருடமாகச் சொல்லிவந்த வாய் இது.

ஒருநாள் வேலை முடிந்து வந்த மனைவி டீவியைப் பார்த்துவிட்டு, "இன்னாயா இவன், கோமணத்தோட நிக்கிறான்?" என்றாள்.

"அப்பத்தான் வேகமா ஓடுவான்."

"ஓடுறதுக்கு எதுக்குக் கத்தி? கத்திய கீழ போட்டா இன்னும் வேகமா ஓடுவானே." பிறகு கேட்டாள், "காலு இழுத்தியா?"

"இழுத்தேன், இழுத்தேன்."

அன்றைக்கு ஒருமுறைகூட இழுக்கவில்லை. சொன்ன முதல் பொய்க்கு நாக்கு கொஞ்சம் தடுமாறியது. மறுநாள் தடுமாறவில்லை.

மச்சான் வருகிற ஞாயிறுகளில் என் வீரனைச் சோதித்துப் பார்ப்பான். "இன்னா மாமா, ஆளுக்கு உசுரே இல்ல. காத்தடிச்சா பூடுவான் போலகீதே. உசுருல கொஞ்சம் பாயிண்ட் போடு."

"அடிபடாதவனுக்கு உசுரு எதுக்குடா?"

"பட்டுச்சுன்னா?"

"படாது."

பட்டது. ஒரே அடியில் செத்தான். எழுந்து வந்து மறுபடி செத்தான். அந்த விளையாட்டில் செத்தவர்கள் எழுந்து வருகிற இடம் ஒரு நெருப்பு மூட்டம். அதன் அருகே போய் ஒரு பொத்தானை அழுத்தினால் அவன் ஒரு காலை நீட்டி, ஒரு காலை மடக்கித் தரையில் உட்காருவான். முட்டி சுலபமாக மடங்கும். மதிய வெயிலில் கதவைச் சாத்திக்கொண்டு, அவனை எழுப்பி எழுப்பி உட்கார வைத்துப் பார்த்த நாட்கள் உண்டு. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நாற்பதை நெருங்குகிறவன் வெளியில் சொல்லக்கூடிய விஷயமா அது.

ஐந்தாவது வாரத்திலிருந்து ஒரு கோட்டைக் காவல்காரனிடம் மாட்டிக்கொண்டேன். வாசலை அடைத்து நிற்கிற இரும்பு மலை, கையில் உலக்கை மாதிரி ஒரு கதாயுதம். கதையை ஓங்குவான், ஆனால் உடனே இறக்க மாட்டான். ஓங்கியபடியே காத்திருப்பான். பயந்தவன் உருளுவான். உருண்டு எழுகிற இடம் பார்த்து இறக்குவான். நான் ஒவ்வொரு முறையும் பயந்தேன், ஒவ்வொரு முறையும் உருண்டேன், ஒவ்வொரு முறையும் செத்தேன். மூன்று வாரம் இதே பிழைப்பு.

"பின்னால உருளாத மாமா," என்றான் மச்சான். "கத கீழ வர்றவரிக்கும் நில்லு. வந்தப்புறம் அவன் பக்கமே உருளு. எட்டிப் போனாத்தான் அடி. கிட்ட போனா ஒண்ணும் பண்ண முடியாது."

அடி வருகிற பக்கமே போவது என்பது என் உடம்பில் இல்லாத பழக்கம். ஆனால் பழகினேன். நம்ப மாட்டீர்கள், பொறுமையாக, நாள் தவறாமல், விழுந்து எழுந்து பழகினேன். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் காவல்காரன் சாய்ந்தான். நான் போட்ட கூச்சலில் கால் உதறி, முட்டியில் மின்னல் வெட்டியது. பிடித்துக்கொண்டு குனிந்து கிடந்தேன். வெற்றிச் செய்தியைச் சொல்ல வீட்டில் ஒரு ஈ காக்கை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மச்சானிடம் பெருமை அடித்துக்கொள்ள விளையாட்டைத் திறந்தேன். முதல் திரையில் வீரனின் படமும் பக்கத்தில் ஓர் எண்ணும் இருந்தன. டீ கொண்டுவந்த மனைவி அங்கேயே நின்றாள்.

"இது இன்னாடா நம்பரு?"

"அது மாமா ஆடுன நேரம்க்கா," என்றான் அவன். சொல்லி முடித்த பிறகுதான் என் முகத்தைப் பார்த்தான்.

"எரநூத்தி முப்பத்தியொண்ணு," என்று படித்தாள். "நிமிசமா?"

"மணிக்கணக்குக்கா," என்றான் மச்சான், டீவியைப் பார்த்தபடி.

டீயை வைத்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் கைவிட்டுப் புடவையை எடுத்தாள். முதல் வாரம் முடிந்து அவள் துவைத்து மடித்து வைத்த புடவை. மடிப்பு கலையாமல் இருந்தது. மேலே இருந்த தூசியை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"நானு வேன்ல டெய்லி கேக்குறவங்களுக்கெல்லாம் மடங்குது, மடங்குதுன்னு சொல்லிக்கினு போறேன்," என்றாள். அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நான் ஏதாவது ஜோக் அடித்துத் தப்பித்திருப்பேன். "அந்த ஆளு எத்தினி வாட்டி செத்தான்?"

"எண்ணல."

"அத்தினி வாட்டி நீ கால மடக்கியிருந்தா?"

மச்சான் எழுந்து பெட்டியின் ஒயரைக் கழற்றப் போனான். "நான் எடுத்துக்கினு போயிடறேன்கா."

"இருக்கட்டும்டா. அது இன்னா பண்ணிச்சு," என்றாள்.

பாக்கி இருந்தது மூன்றே வாரம். மறுநாளிலிருந்து அவள் ஐந்து மணிக்கே எழுந்தாள். வேன் வருவதற்கு முன்னால் இரண்டு முறை, திரும்பி வந்து மூன்று முறை, புடவையைச் சுற்றி அவளே இழுத்தாள். நான் கத்தினேன். எனக்குத் தெரிந்த வசவுகளையெல்லாம் அவளைத் தவிர மற்ற எல்லோர் மேலும் போட்டேன். பக்கத்து வீட்டில் ரேடியோவைச் சத்தமாக வைத்தார்கள். இருபது எண்ணுவதற்குள் நான் அழுதுவிடுவேன். அவள் இருபத்தைந்து எண்ணுவாள். சில நாள் என் காலைப் பிடித்தபடியே அவளும் அழுதாள். அப்போதும் எண்ணுவதை நிறுத்தவில்லை.

பன்னிரண்டாவது வாரம் டாக்டரம்மா அளவுகோலை வைத்தார். எடுத்து மறுபடி வைத்தார்.

"அறுபத்தெட்டு."

"இன்னும் இழுக்குறோம் மேடம்," என்றாள் மனைவி. "நானே இழுக்குறேன். இன்னும் மூணு மாசம் ஆனாலும் இழுக்குறேன்."

"கடைசில நல்லா செஞ்சிருக்கீங்கம்மா. முன்னாடியே இப்படிச் செஞ்சிருந்தா வந்திருக்கும். இப்ப உள்ள ஒட்டிக்கிச்சு. இனிமே நடக்கலாம், படி ஏறலாம். குந்துறது கஷ்டம்." என்னைப் பார்த்து, "ஸ்டூல் போட்டு வேலை பாருங்க" என்றார்.

ஸ்டூலில் உட்கார்ந்து எந்த வண்டியின் அடியையும் பார்க்க முடியாது என்று அவருக்கு விளக்கலாமா என யோசித்தேன். மனைவி எழுந்துவிட்டாள். நானும் எழுந்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். ஜன்னலோரம் அவள், வழி ஓரம் நான். முன் சீட்டுக்கும் எங்களுக்கும் இடையில் இருந்த இடத்துக்குள் என் கால் அடங்கவில்லை, ஆட்கள் போகிற வழியில் நீட்டிக்கொண்டிருந்தது. வெளியே ஏரிக்கரை வந்து போனது.

கண்டக்டர் டிக்கெட் கொடுத்துக்கொண்டே வந்தவர் என் காலில் இடறி நின்றார். "இன்னா சார், வூட்டு கட்டிலா இது? ஆளுங்க போவ வாணாமா? கால உள்ள மடக்கு."

இத்தனை மாதமும் இப்படி யாராவது கேட்டால் அவள்தான் முந்திக்கொள்வாள். அடிபட்ட கால் அண்ணே, இன்னும் கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்பாள். இப்போதும் சொல்வாள் என்று திரும்பிப் பார்த்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாள்.

"மடங்காதுங்க," என்றேன்.

கண்டக்டர் காலைத் தாண்டிப் பின்னால் போனார்.