தோள்வலிக்குக் காலில் ஊசி

இங்கே என்னை எல்லாரும் ‘டாக்டரய்யா’ என்கிறார்கள். திருச்சியிலிருந்து வந்து, இலங்கை மலைநாட்டில் வட்டகொடைக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மருந்து கலந்து கொடுப்பவன் நான். ஊரில் வெறும் கம்பவுண்டர். பட்டம் முதலில் கூச்சமாக இருந்தது, பிறகு பிடித்துப்போயிற்று. அதை ஒரு சீனத் துணி வியாபாரி அசைத்துப் பார்த்தார்.

கொழுந்து பறிக்கும் முத்தம்மாவுக்கு வலது தோள் இறுகி நான்கு மாதம். கை காதுக்கு மேல் எழவில்லை. என் தைலமும் மாத்திரையும் பலிக்கவில்லை. இன்னும் ஒரு மாதத்தில் வேலைப் பதிவிலிருந்து பேரை வெட்டிவிடுவதாக, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு சொல்லிவிட்டார். அந்த வாரம் பட்டுத்துணி மூட்டையோடு மலையேறி வந்த சீனர், மருந்தறை வாசலில் அவளைக் கவனித்தார். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறைச் சிங்களம். “கட்டு, கட்டு” என்றார். நான் காயம் கட்டும் துணியை எடுத்து நீட்டினேன். அவர் சிரித்தபடி மயிரிழை போன்ற ஊசிகளைக் காட்டினார். சிங்களத்தில் அந்தச் சொல்லுக்கு முள், ஊசி என்று பொருளாம்.

நான் மறுத்தேன். முத்தம்மா விடவில்லை.

“ஒங்க மருந்தயும் நாலு மாசம் பாத்துட்டேங்க. கை என்னோடது. குத்தட்டும்.”

ஊசிகளை நானே கொதிக்க வைத்துக் கொடுத்தேன். அவர் தோளைத் தொடவேயில்லை. முழங்காலுக்குக் கீழே ஓர் ஊசியை இறக்கி மெல்லத் திருகிக்கொண்டே, கையைத் தூக்கும்படி சைகை காட்டினார்.

“கனமா இருக்குங்க. எறும்பு ஊர்ற மாதிரி” என்றாள்.

“ச்சீ” என்று தலையாட்டினார் அவர்.

அவள் முகம் சுருங்கியது. “காலு அழுக்கா இருக்குங்கிறாரா?”

அவர் பதறிப்போய்த் தன் உடம்பில் விரலால் கோடிழுத்து விளக்கினார். உடம்பெங்கும் ஓடும் உயிராற்றலுக்குத்தான் சீன மொழியில் ‘ச்சீ’ என்று பெயராம். அதற்கென்று வழிகள் உண்டு. தடைப்பட்ட இடத்தில் வலி. வழியறிந்து தொலைவில் குத்தினாலும் அடைப்பு விலகும். காவேரிப் பாசனத்தில் வளர்ந்தவனுக்கு வாய்க்கால் புரியாதா?

வாரம் ஒருமுறையாக ஐந்து முறை வந்தார். ஐந்தாம் முறை அவள் கை தலைக்கு மேலே போயிற்று, பேரும் தப்பியது. மாதமொருமுறை வரும் பெரிய டாக்டரிடம் சொன்னேன். அறுத்துப் பார்த்தால் அப்படி எந்த வழியும் கிடையாது என்றார். ஊசி நரம்பைத் தூண்ட, அந்தச் செய்தி முதுகுத்தண்டு வழியே மூளைக்குப் போய்ப் பழைய வலியை அமுக்கலாம்; இறுகிய தசை தளரலாம்; தானாகவே குணமாகியும் இருக்கலாம்; முழுக்கத் தெரிந்தவர் யாருமில்லை என்றார். எப்படியானாலும் எனக்குப் பெருமைதான். தெரியாததை மறுத்துக்கொண்டே நிற்காமல் அன்று வெந்நீர் வைத்தேனே.

சீனரை வழியனுப்ப ஸ்டேஷனுக்குப் போனோம். அவரவர் ஊர் எங்கே என்ற பேச்சு வந்தது. அவர் மலைகளுக்கு அப்பால் கைகாட்டினார். முத்தம்மா இங்கேயே பிறந்தவள். இந்த நாட்டுச் சட்டம் அவளைக் குடியாக ஏற்கவில்லை. அவளோ தயங்காமல் வலது கையை உயர்த்தி, “அந்தா, மூணாவது லயம்” என்று தொழிலாளர் குடியிருப்பு வரிசையைக் காட்டினாள். என் முறை வந்தது. வடக்கே காட்ட எழுந்த என் விரல், அந்த லயத்துக் கூரைகளின் மேலேயே நின்றுவிட்டது.